பரிமாற்றத் திட்டத்தில் ஒருமுறை நிராகரித்துவிட்டார்கள், மறுபடி விண்ணப்பிக்கலாமா?

இரண்டாமாண்டு_உயிரியல் கேட்கிறார்:

எல்லாருக்கும் வணக்கம். உயிரியல் இளநிலை இரண்டாமாண்டு படிக்கிறேன். எங்கள் பல்கலைக்கழகத்துக்கும் ஐரோப்பாவில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்துக்கும் ஈராஸ்மஸ் பிளஸ் (ஐரோப்பிய ஒன்றியத்தின் மாணவர் பரிமாற்றத் திட்டம்) ஒப்பந்தம் இருக்கிறது. ஒரு செமஸ்டர் அங்கே போய்ப் படிக்கலாம். போன முறை விண்ணப்பித்தேன், எங்கள் பல்கலைக்கழகம் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்திலேயே நிராகரித்துவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. மதிப்பெண் நன்றாகவே இருக்கிறது, அரியர் எதுவும் இல்லை.

ஏன் போக விரும்புகிறேன் என்று விண்ணப்பத்தோடு வைக்கும் கடிதத்தில் புதிய பண்பாட்டை அறியும் ஆர்வம், ஆராய்ச்சிக் கனவு என்று மனதில் இருந்ததைத்தான் எழுதினேன். இந்த முறை கடைசி நாளுக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. போய்வந்தால் ஒரு செமஸ்டர் வீணாகிவிடுமோ என்று வீட்டில் பயப்படுகிறார்கள். எதிலிருந்து தொடங்கட்டும்?

வேர்ப்பூஞ்சை பதில்:

தங்கச்சி, தாராளமாக மறுபடி போடு. எனக்கும் இரண்டாவது முறைதான் கிடைத்தது. கடிதத்தை இப்போதைக்கு மூடி வை, பாடங்களிலிருந்து தொடங்கு.

என் முதல் கடிதத்தை, நிராகரித்த பிறகுதான் ஒரு பேராசிரியரிடம் காட்டினேன். அவர் அதிலிருந்த பல்கலைக்கழகத்தின் பெயரைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, "இப்போது வாசி" என்றார். வாசித்தேன். உலகத்தில் எந்தப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினாலும் பொருந்துகிற மாதிரி இருந்தது. அடுத்த முறை அவர்களுடைய பாடப் பட்டியலை இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன். செடியின் வேரோடு ஒட்டி வாழும் பூஞ்சைகளைப் பற்றி ஒரு பாடம், அதோடு சேர்ந்த ஆய்வக வகுப்பு. அது எங்கள் பாடத்திட்டத்தில் இல்லை, என் இறுதியாண்டுத் திட்டப்பணிக்கோ அவசியம் வேண்டும். கடிதத்தின் முதல் பத்தியே அதுதான். தேர்வுக்குழு தெரிந்துகொள்ள நினைப்பது உனக்கு ஆர்வம் இருக்கிறதா என்பதை அல்ல. அது விண்ணப்பித்த எல்லாரிடமும் இருக்கும். அங்கே போய் என்ன செய்யப்போகிறாய், ஏன் அதே இடம் என்பதைத்தான்.

பாடம் எடுக்கும்போது மூன்றைக் கவனி. நீ போகும் செமஸ்டரில் அது நடத்தப்படுகிறதா, எந்த மொழியில் நடத்துகிறார்கள், எத்தனை கிரெடிட். ஐரோப்பாவில் ஒரு முழு ஆண்டுக்கு 60 ஈசிடிஎஸ் (ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களின் பொதுவான கிரெடிட் கணக்கு) கிரெடிட், ஒரு செமஸ்டருக்கு 30. ஒரு கிரெடிட் என்றால் 25 முதல் 30 மணி நேர உழைப்பு, வீட்டில் உட்கார்ந்து படிப்பதும் அதில் சேர்த்தி. ஆறு கிரெடிட் பாடத்தைச் சின்னது என்று நினைத்துவிடாதே.

உன் வீட்டார் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, நான் அதை அனுபவித்தவள். கிளம்புமுன் எங்கள் துறையில் ஒருவர், "இந்த இரண்டு பாடத்தையும் ஏற்றுக்கொள்வோம், போய் வா" என்று வாய்வார்த்தையாகச் சொன்னார். நம்பிப் போனேன். திரும்பி வந்தபோது அவர் அந்தப் பொறுப்பில் இல்லை. புதிதாக வந்தவர் பாடத்திட்டத்தைக் கொண்டுவரச் சொன்னார். அந்தப் பல்கலைக்கழகத் தளத்தைத் திறந்தால் அடுத்த ஆண்டுப் பட்டியல் ஏறியிருந்தது, என் பாடத்தின் பக்கமே இல்லை. இரண்டையும் மறுபடி இங்கே எழுத வேண்டியதாயிற்று.

அதனால் கற்றல் ஒப்பந்தம் என்ற படிவத்தை உயிர்போல வைத்துக்கொள். அதில் ஏ அட்டவணையில் அங்கே படிக்கப்போகும் பாடங்கள், பி அட்டவணையில் அவற்றுக்கு ஈடாக உன் பல்கலைக்கழகம் ஏற்கும் பாடங்கள். நீ, உன் பல்கலைக்கழகம், அவர்களுடைய பல்கலைக்கழகம், மூன்று தரப்பும் கையெழுத்திட வேண்டும். பி அட்டவணை நிரம்பாமல் விமானம் ஏறாதே. ஒவ்வொரு பாடத்தின் பாடத்திட்டத்தையும் இன்றைக்கே பிடிஎஃப் ஆக இறக்கி வைத்துவிடு.

ஜன்னலோர_இருக்கை பதில்:

விசா பக்கம் நான் சொல்கிறேன். ஷெங்கன் (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவானது) குறுகிய கால விசாவில் எந்த 180 நாளிலும் 90 நாள்தான் தங்க முடியும், ஒரு செமஸ்டருக்குப் போதாது. அந்த நாட்டின் நீண்டகால தேசிய விசாதான் வேண்டும், அதற்கு அங்குள்ள பல்கலைக்கழகத்திடமிருந்து அனுமதிக் கடிதம் வந்திருக்க வேண்டும். தூதரகத்தில் நேரம் கிடைப்பதே சில சமயம் பெரும்பாடு. கடிதம் வந்த அன்றே முன்பதிவு செய்துவிடுங்கள். பாஸ்போர்ட் எப்போது முடிகிறது என்றும் பாருங்கள். ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு எழுதியிருந்தால் அந்த மதிப்பெண் இரண்டு ஆண்டுக்குத்தான் செல்லும்.

வேறு நாட்டுக்குப் போகிறவர்கள் வாசித்தால்: அமெரிக்காவுக்கு ஜே-1 என்ற பரிமாற்ற விசா, பரிமாற்றத்தை நடத்துபவர்கள் தரும் டிஎஸ்-2019 படிவம் கையில் வந்த பிறகே விண்ணப்பிக்க முடியும்.

இரண்டாமாண்டு_உயிரியல்:

ரொம்ப நன்றி அக்கா, உங்கள் இருவருக்கும். கடிதத்தில் பெயரை மறைத்துப் பார்த்தேன், நீங்கள் சொன்னதேதான். பாடப் பட்டியலைத் திறந்து வைத்திருக்கிறேன். ஈரநிலச் சூழலியல் என்று ஒன்று, களப்பணியோடு. எங்களிடம் அதற்கு நேர் ஈடான பாடம் இல்லை, ஆனால் ஒரு விருப்பப் பாடம் காலியாக இருக்கிறது. அதற்கு ஈடாகப் போடலாமா? அங்கே போன பிறகு அந்தப் பாடத்தில் இடமில்லை என்று சொல்லிவிட்டால்?

வேர்ப்பூஞ்சை:

விருப்பப் பாடத்துக்கு ஈடாகக் கேட்பதுதான் எளிது, பெயர் அப்படியே பொருந்த வேண்டும் என்று பெரும்பாலும் அடம்பிடிக்க மாட்டார்கள். துறைத்தலைவரிடம் பாடத்திட்டத்தை அச்செடுத்துக்கொண்டு நேரில் போ, அப்புறம் அவர் சொன்னதை அன்று மாலையே மின்னஞ்சலில் எழுதி அனுப்பி, "சரி" என்று ஒரு வரி பதில் வாங்கிக்கொள்.

இடம் கிடைக்காவிட்டால் பாடத்தை மாற்றலாம், கற்றல் ஒப்பந்தத்தில் அதற்குத் தனிப் பகுதி இருக்கிறது. மாற்றத்துக்கும் அதே மூன்று தரப்பின் ஒப்புதல் வேண்டும், செமஸ்டர் தொடங்கிய முதல் சில வாரத்துக்குள் முடித்தாக வேண்டும். அதனால் இப்போதே மாற்றாக இரண்டு பாடம் பார்த்து, அவற்றுக்கும் துறைத்தலைவரிடம் கேட்டுவிடு. பரிந்துரைக் கடிதத்தை உன் ஆய்வக வகுப்பை நேரில் பார்த்தவரிடம் கேள், மூன்று வாரமாவது அவகாசம் கொடு. கடிதம் தயாரானதும் இங்கே போடு, வாசித்துச் சொல்கிறேன்.