உறைபனிக் காலையில் ரோச் மீன்: கால்வாய்க் கரையில் எங்களுக்கு நடந்தவை

நோர்தோல்ட், லண்டன்

போன ஞாயிறு காலை ஏழரைக்குக் கதவைத் திறந்தால் கார்க் கண்ணாடி முழுக்க வெள்ளைப் பனி. வெளியே இரண்டு பாகை. "இந்தக் குளிருக்குள்ள மீன் இரை எடுக்குமே?" என்று மனைவி கேட்டா. எடுத்தது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். உங்களுக்கு நடந்ததையும் கீழே போடுங்கோ.

நான் போவது கிராண்ட் யூனியன் கால்வாயின் படிங்டன் கிளைக்கு. 1801இல் திறந்த கால்வாய். ஹேய்ஸ் பக்கம் புல்ஸ் பிரிட்ஜில் பிரிந்து, நோர்தோல்ட், கிறீன்ஃபோர்ட், அல்பேர்ட்டன் கடந்து படிங்டன் வரைக்கும் வரும். இடையில் ஒரு லொக் கூட இல்லை, அதாவது படகை மேலும் கீழும் ஏற்றி இறக்கும் மதகு. தண்ணீர் அசையாமல் கிடப்பது போலத் தெரியும், ஆனால் காற்று எழும்பினால் மிதப்பு மெல்ல நகரத் தொடங்கும். அல்பேர்ட்டன் கடைத்தெருவுக்கு முருங்கைக்காயும் மீனும் வாங்க வருகிற எங்கட ஆட்கள் எத்தனை பேர் இந்தக் கால்வாய்க்கு மேலால் நடந்து போகினம்! கீழே இறங்கிப் பார்க்கிறவர்கள் குறைவு.

நான் இருக்கும் இடம் ஹோர்சென்டன் குன்றுக்குக் கீழே. என்னிடம் இருப்பது "போல்" (pole) என்கிற தூண்டில் தடி, அதாவது ரீல் இல்லாத நீளத் தடி. கார்பன் குழாய்களை ஒன்றோடு ஒன்று செருகிக்கொண்டே போனால் 11 மீற்றர் வரும். நுனித் துண்டுக்குள் ஒரு இலாஸ்டிக் ஓடுகிறது. அதன் முனையில் தங்கூசி, அதாவது தூண்டில் நூல். மீன் இழுத்தால் இலாஸ்டிக் நீண்டு வந்து அதிர்ச்சியைத் தாங்கும். மிதப்பு தடி நுனிக்கு நேர் கீழே நிற்பதால், இரையை ஒரு சாண் கூட விலகாமல் ஒரே இடத்தில் பிடித்து வைத்திருக்கலாம். குளிர்காலத்தில் அந்த ஒரு சாண்தான் எல்லாம்.

முதல் வேலை ஆழம் பார்ப்பது. தூண்டிலில் ஈயக்கட்டியைக் கொழுவி ஒவ்வொரு அடியாக இறக்கிப் பார்த்தால் கால்வாயின் அடி கைக்குத் தெரியும். கரையோரம் இரண்டு அடி, பிறகு ஒரு சரிவு, நடுவில் படகு ஓடும் பள்ளம் நாலரை அடி. கோடையில் அக்கரைப் புல் ஓரத்தில் மேய்கிற ரோச் எல்லாம் மார்கழி பிறந்தால் இந்தப் பள்ளத்துக்குள் இறங்கி ஒன்றாக ஒதுங்கிவிடும். சரிவு முடிந்து அடி சமமாகும் இடத்தில்தான் நான் மிதப்பை வைப்பது.

முதல் இரண்டு குளிர்காலமும் நான் வெறுங்கையோடுதான் வீடு வந்தேன். மீனைக் கூப்பிட வேண்டும் என்று கை நிறைய இரையை அள்ளி அள்ளிப் போட்டேன். மூன்றாம் வருடம் பக்கத்தில் ஒரு வயதான வெள்ளைக்காரர் வந்து இருந்தார். அவர் தடி நுனியில் சின்னக் கிண்ணம் ஒன்று. அதில் பிசைந்த பாண் தூள், ஒரு புளியங்கொட்டை அளவு. அதை மிதப்புக்கு மேலே கவிழ்த்துவிட்டு இருபது நிமிடம் பேசாமல் இருந்தார். பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் பதினாலு ரோச். நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், என்னுடைய மிதப்பு அசையவில்லை. போகும்போது என்னிடம் சொன்னார்: "நீ போட்டதைத் தின்று முடிக்கவே அதுகளுக்கு நாளைக்குப் பின்னேரம் ஆகும்."

உண்மைதான். மீனுக்குத் தனி உடற்சூடு கிடையாது, தண்ணீரின் குளிர்தான் அதன் குளிர். குளிரக் குளிரச் செரிமானமும் மந்தமாகும். இரண்டு வாய் தின்றால் அதுக்குப் போதும். அந்த இரண்டு வாயில் ஒன்று உங்கள் தூண்டிலில் இருக்க வேண்டும். நான் கவனித்த இன்னொன்று: ஒரு கிழமையாக ஒரே குளிராக இருந்தால் மீன் பழகிக்கொண்டு கொஞ்சமாவது எடுக்கும். நேற்று எட்டுப் பாகை, இன்றைக்கு ஒன்று என்று திடீரென விழுந்தால் அன்றைக்கு ஒன்றும் இல்லை.

ஞாயிறு ஒன்பதே காலுக்கு முதல் கடி. கடி என்று சொல்லவும் முடியாது. மிதப்பின் நுனி தண்ணிக்கு மேலே ஒரு கடுகளவு சிவப்பாகத் தெரியும்படி ஈயம் வைத்திருந்தேன். அந்தக் கடுகு பாதியானது. தாழவில்லை, ஓடவில்லை, பாதியானது, அவ்வளவுதான். தடியை ஒரு அங்குலம் தூக்கினேன். நாலாம் நம்பர் இலாஸ்டிக் ஒரு முழம் வெளியே வந்து துடித்தது. 20ஆம் நம்பர் தூண்டில், தலைமயிர் மாதிரித் தங்கூசி. அவசரப்பட்டால் அறுந்துவிடும். கையை நனைத்துக்கொண்டுதான் பிடித்தேன், காய்ந்த கை பட்டால் அதன் மேல் உள்ள வழுவழுப்பு உரிந்து புண்ணாகும். முதுகு நீலம் ஓடின சாம்பல், பக்கம் வெள்ளித்தகடு, வயிற்றுச் செட்டை செங்கல் நிறம், கண்ணில் சிவப்பு வளையம். உள்ளங்கையில் ஐஸ்கட்டி மாதிரிக் கிடந்தது. பன்னிரண்டு மணிக்குள் பதினொன்று. வெயில் வந்து தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்ததும் நின்றுவிட்டது.

பர்மிங்காம்

அண்ணா, கடுகு பாதியானதுன்னு எழுதினீங்க பாருங்க, அதைப் படிச்சதும் என் கை தானா தூக்குச்சு. எனக்கும் தக்கை அப்படித்தான் காட்டும்.

நான் திருநெல்வேலிக்காரன். இங்க வந்து ஒன்பது வருஷம். பையனுக்குப் பதினாலு வயசு, அவனாலதான் இந்தப் பழக்கம் வந்தது. 13லிருந்து 16 வயசு வரைக்கும் மீன்பிடி லைசென்ஸுக்குக் காசு இல்லை, ஆனா எடுத்து வச்சிருக்கணும். அது போக அந்தக் கால்வாயோட அனுமதிச் சீட்டும் வேணும். புதுசா வர்றவங்க இதை விட்டுடறாங்க.

நாங்க போறது ஸ்மெதிக் பக்கம், நியூ மெயின் லைன். டெல்ஃபோர்டுங்கற இன்ஜினியர் மலையைக் குடைஞ்ச மாதிரி ஆழமா வெட்டி நேர்கோடா கொண்டுபோன கால்வாய். தலைக்கு மேல 1829இல் கட்டின கால்டன் இரும்புப் பாலம். ரெண்டு பக்கமும் மேடு இருக்கறதால காத்து அடிக்காது, ஜனவரியில அது பெரிய வரம். பாலத்து நிழல்ல ரோச் கூடி நிக்கும்.

போன வருஷம் நடந்ததைச் சொல்லணும். மீன் மாட்டினா போலைப் பின்னாடி தள்ளிக்கிட்டே வரணும், இல்லையா? ரோலர் மேல உருண்டு அது நடைபாதைக்குக் குறுக்கே போகும். அன்னைக்கு நல்ல ரோச் ஒண்ணு மாட்டுச்சு. நான் கண்ணைத் தண்ணியிலயே வச்சுக்கிட்டுத் தள்ளிட்டேன். பையன் "அப்பா, சைக்கிள்!"னு கத்தினான். அவர் பிரேக் பிடிச்சும் முன் சக்கரம் தடி மேல ஏறிடுச்சு. அப்பளம் நொறுங்கற மாதிரி ஒரு சத்தம். நல்லவேளை அவர் விழலை. தப்பு முழுக்க என்னோடதுதான், மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படாம, உடைஞ்ச துண்டை எடுத்து என் கையில கொடுத்துட்டு, தண்ணியைக் காட்டினார். இலாஸ்டிக் இன்னும் ஆடிக்கிட்டிருந்தது. நுனித் துண்டைப் பையன் கழட்டி எடுத்து அந்த மீனைக் கரை சேர்த்தான்.

ஆறாவது துண்டு போச்சு. புதுசு வாங்கற காசுல ஊருக்கு ஒரு மாசம் அனுப்பியிருக்கலாம். அதை விட, அந்த மனுஷன் தலை குப்புற விழுந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சு ரெண்டு ராத்திரி தூங்கலை. இப்ப எட்டு மீட்டருக்கு மேல போறதில்லை. பின்னாடி தள்ளறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் திரும்பிப் பார்க்கறேன், பையன் கூட இருந்தா அவன் குரல் கொடுத்த பிறகுதான் தள்ளறது.

லீட்ஸ்

அண்ணா, தம்பி, நான் ஆஸ்பத்திரியில் இரவு வேலை செய்கிற ஆள். வேலை முடிஞ்சு காலையில் நேரே கால்வாய்க்குப் போயிருவன். வீட்டுக்குப் போனால் நித்திரை வராது, தண்ணியைப் பார்த்துக்கொண்டு இரண்டு மணித்தியாலம் இருந்தால்தான் மனசு அடங்கும். மட்டக்களப்பு வாவிக்கரையில் பிறந்து வளர்ந்த பழக்கம் அது.

இங்கே லீட்ஸ் லிவர்பூல் கால்வாய், 127 மைல். கட்டி முடிக்க 1816 ஆயிற்று. குளிர் லண்டனை விட ஒரு பிடி கூட. தை மாதம் ஒருநாள் போனால் தண்ணிக்கு மேலே ஐஸ், கண்ணாடித் தாள் போல. திரும்பிப் போக இருந்த நேரம் ஒரு நரோபோட் வந்தது. ஐஸ் உடைகிற சத்தம் தூரத்திலிருந்தே கேட்டது, யாரோ தட்டுமுட்டுச் சாமானை மெதுவாகக் கொட்டுகிற மாதிரி. படகு போன பிறகு நடுப்பள்ளத்தில் சேறு கலங்கித் தண்ணி தேத்தண்ணி நிறமானது. ஐஸ் துண்டுகள் கரைக்கு ஒதுங்கட்டும் என்று பத்து நிமிடம் பொறுத்து இரத்தப்புழு ஒன்றைக் கோர்த்து இறக்கினேன். உடனே ரோச்! தெளிந்த தண்ணியில் பயந்து கிடந்ததுகள் கலங்கினதும் துணிந்து வந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு படகு வந்தால் நான் முகம் சுளிக்கிறதில்லை.

ஐந்தாவது மீனைக் கொண்டு வரும்போது இலாஸ்டிக் திடீரென்று நின்றது. அடியில் எதிலோ சிக்கிவிட்டது என்று நினைத்தேன். பிறகு அந்தச் சிக்கு நடக்கத் தொடங்கியது. மெதுவாக, கோபமே இல்லாமல், அக்கரைப் பக்கம். இலாஸ்டிக் நாலைந்து மீற்றர் நீண்டுவிட்டது. கரைக்கருகே ஒருக்கா மேலே வந்தது: பச்சை முதுகு, தட்டையான வாய், வாய்க்குக் குறுக்கே என் ரோச். பைக் (pike), மற்ற மீனைப் பிடித்துத் தின்கிற மீன். என்னைப் பார்த்ததோ என்னவோ, வாயைத் திறந்து விட்டுவிட்டுப் போய்விட்டது. ரோச்சின் இரண்டு பக்கமும் செதில் உரிந்து பல் வரிசை பதிந்திருந்தது. உயிர் இருந்தது. தண்ணிக்குள் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் கை மரத்துப் போன பிறகுதான் அது வால் அடித்தது. பிழைத்ததோ தெரியாது.

நல்லாக் கடித்துக்கொண்டிருந்த மீன் ஒரேயடியாக நின்றால் இப்போது எனக்கு விளங்கும், பைக் வந்திருக்கிறது. இரை போட்ட இடத்தை இரண்டு மீற்றர் தள்ளி மாற்றி, கால் மணி நேரம் விட்டுத்தான் தொடங்குவன்.

ஹாரோ

எல்லாம் சரி. இவ்வளவு பாடுபட்டுப் பிடிச்சதைச் சாப்பிடலாமா, கூடாதா?

நோர்தோல்ட், லண்டன்

கூடாது தம்பி. நான் போகிற இடத்து அனுமதிச் சீட்டிலேயே எழுதியிருக்கிறது, பிடித்த மீன் எல்லாம் உயிரோடு திரும்பத் தண்ணிக்குள் போக வேண்டும். ஐந்து அவுன்ஸ் ரோச் வளர எத்தனை வருடம் எடுக்கும் என்று நினைக்கிறீர்? குழம்புக்கு மீன் அல்பேர்ட்டன் கடையில் கிடக்கிறது. வாளியோடு வந்து அள்ளிக்கொண்டு போகிறவர்களை நான் கரையில் கண்டிருக்கிறேன், எங்கட ஆட்களும் அதில் இருந்தார்கள். நேரே போய்த் தமிழில் சொன்னேன். ஒருவர் கேட்டார், ஒருவர் கேட்கவில்லை. திரும்பவும் கண்டால் திரும்பவும் சொல்லுவேன்.

லீட்ஸ் தங்கச்சி எழுதினது போல ஒரு மீனுக்காகக் கை மரக்க நின்றவர்கள் இருக்கினம் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

பர்மிங்காம் தம்பி சைக்கிள் கதை சொன்னதால் இன்னொன்றையும் எழுத வேண்டும். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். இரண்டு வருடத்துக்கு முன் பொருத்தின தடியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு இடம் மாறி நடந்தேன். எதிரே நாயோடு வந்த பெண் ஒருத்தி கையை உயர்த்தி நிற்பாட்டினா. அண்ணாந்து பார்த்தால் மேலே மின்கம்பி. மஞ்சள் அறிவிப்புப் பலகையைக் கடந்துதான் வந்திருக்கிறேன், பார்க்கவில்லை. தடியை அப்படியே மெதுவாகத் தரைக்குச் சாய்த்தேன், கால் நடுங்கியது. மேலே கம்பி போனால் 30 மீற்றருக்குள் தூண்டில் போடக் கூடாது. இடம் மாறினால் எத்தனை அடி தூரமென்றாலும் தடியைக் கழற்றிக்கொண்டு நடவுங்கோ.

பாண் தூள் எப்படி என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டார்கள். வெள்ளைப் பாணின் கரையை வெட்டி எறிந்துவிட்டு மிக்ஸியில் அடித்து அரிதட்டில் அரியுங்கோ. அதிகம் நனைக்க வேண்டாம். தூண்டிலுக்குத் தனியாக ஒரு துண்டை போத்தலால் உருட்டித் தட்டையாக்கி, பஞ்ச் என்கிற சின்னக் குழாயால் மிளகளவு குத்தி எடுத்தால் சரி. தண்ணீரில் அது ஊறி இரண்டு மடங்காகும். மீதியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி வையுங்கோ, காய்ந்துபோனால் தூண்டிலில் நிற்காது.

வருகிற சனி காலை எட்டு மணிக்கு ஹோர்சென்டன் பாலத்தடியில் நிற்பேன். இரவில் பனி இல்லை, மேகமூட்டம் என்று சொல்கிறார்கள். வருகிறவர்கள் இரண்டு சோடி காலுறை போட்டுக்கொண்டு வாருங்கோ. இஞ்சித் தேத்தண்ணி நான் கொண்டு வாறன்.