எடை குறைகிறது சரி, இரவு பதினொரு மணிப் பசியை என்ன செய்வது?

பொங்கோல்வாசி | திங்கள், இரவு 11.40

ஒன்பது வாரமாகச் சாப்பாட்டைக் குறைத்திருக்கிறேன். 94 கிலோவில் தொடங்கி இப்போது 88. முதல் ஆறு வாரம் ஒரு சிரமமும் இல்லை. இப்போது பகலெல்லாம் ஒழுங்காக இருந்துவிட்டு, பிள்ளைகள் தூங்கிய பிறகு ஃபிரிட்ஜ் முன்னால் போய் நிற்கிறேன். நேற்று நாலு துண்டு ரொட்டி, காயா (தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை ஜாம்) தடவி, நின்றபடியே. சமையலறை விளக்கைக்கூடப் போடவில்லை, ஃபிரிட்ஜ் வெளிச்சத்திலேயே முடித்துவிட்டேன்.

காலையில் இரண்டு துண்டு ரொட்டி, மதியம் சைவ பீஹூன் (அரிசி நூடல்ஸ்), இரவு ஒரு தோசை. இவ்வளவுதான் சாப்பிடுகிறேன். பசியைப் பல்லைக் கடித்துப் பொறுக்க வேண்டுமா, அல்லது பசி வராமல் செய்ய வழி இருக்கிறதா?

பதினாறுமணி | இரவு 11.58

அண்ணே, பொறுங்கள். பசி அலை மாதிரி, வந்தால் போகும். கிரெலின் என்று ஒரு ஹார்மோன், 1999இல் ஜப்பானில் கண்டுபிடித்தார்கள். இரைப்பையில் சுரக்கிறது. நாம் வழக்கமாகச் சாப்பிடும் நேரத்துக்கு ஏறும், சாப்பிடாமல் விட்டாலும் கொஞ்ச நேரத்தில் தானாகவே இறங்கிவிடும். பதினொரு மணிக்கு ரொட்டி கொடுத்துப் பழக்கினால் நாளைக்கும் பதினொரு மணிக்கு வந்து கதவைத் தட்டும்.

நான் மதியம் 12 முதல் இரவு 8 வரைதான் சாப்பிடுவேன், மீதிப் பதினாறு மணி நேரம் விரதம். காலையில் கோப்பி ஓ கோசோங் (பாலும் சர்க்கரையும் இல்லாத காப்பி), அவ்வளவுதான். முதல் இரண்டு வாரம் தலைவலி, எரிச்சல், எம்ஆர்டி ரயிலில் பக்கத்தில் யாராவது கறிபஃப் பையைப் பிரித்தால்கூடக் கோபம் வரும். அப்புறம் காலைப் பசி காணாமலே போய்விட்டது.

தேக்கா அக்கா | செவ்வாய், காலை 6.15

எம்ஆர்டியில் கறிபஃப் பையைப் பிரித்தவருக்கு அபராதம் போட்டிருப்பார்கள், அது வேறு கதை.

பொங்கோல் தம்பி, நீங்கள் எழுதியதை நீங்களே ஒருமுறை படியுங்கள். ரொட்டி, பீஹூன், தோசை. மூன்று வேளையும் மாவு. புரதம் எங்கே, காய் எங்கே? இதைச் சாப்பிட்டுவிட்டு ராத்திரி பசிக்கவில்லை என்றால்தான் ஆச்சரியம்.

1995இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள். 38 உணவு வகை, ஒவ்வொன்றிலும் 240 கலோரி அளவு கொடுத்து, இரண்டு மணி நேரம் பசி எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். வெள்ளை ரொட்டிக்கு 100 என்று வைத்தால் கிரோசானுக்கு 47தான். முதலிடம் எதற்குத் தெரியுமா? அவித்த உருளைக்கிழங்கு, 323! எடை கூடும் என்று நாம் ஒதுக்கி வைக்கும் அதே கிழங்கு. வறுவல் இல்லை, அவித்தது. கலோரி ஒன்றுதான், வயிற்றில் நிற்கும் நேரம் வேறு.

மதியம் காப்பிக்கடையில் யோங் தாவ் ஃபூ எடுங்கள், காயும் தோஃபுவும் நாமே பொறுக்கிக் கொடுத்தால் வேகவைத்துத் தருவார்களே, அது. இடுக்கியால் கங்கோங் கீரை, வெண்டைக்காய், தௌக்வா (கெட்டித் தோஃபு) இரண்டு, கத்தரிக்காய் என்று கிண்ணத்தில் போட்டு, சூப் என்று சொல்லுங்கள். பொரித்த பக்கம் போகாதீர்கள். நூடல்ஸ் வேண்டாம் என்றால் ஆன்ட்டி ஒரு மாதிரிப் பார்ப்பார், பரவாயில்லை. முதலில் சூப்பைக் குடியுங்கள். எனக்கு ஐந்து மணி வரை தாங்குகிறது.

பதினாறுமணி | காலை 9.05

அக்கா, மரியாதையோடு மறுக்கிறேன். எப்போதும் வயிறு நிரம்பியே இருக்க வேண்டும் என்று நினைப்பதுதான் நம் ஆட்களின் வியாதி. யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி ‘சாப்பிட்டாச்சா?’ இல்லை என்று சொல்லிப் பாருங்கள், ஏதோ துக்கச் செய்தி கேட்ட மாதிரி முகம் மாறும். கொஞ்ச நேரம் பசியோடு இருந்தால் உயிர் போகாது.

நோன்புக்கஞ்சி | காலை 9.30

பதினாறுமணி சகோதரருக்கு: நான் வருடத்தில் ஒரு மாதம் உங்கள் கட்சிதான். பகலில் பசி அடங்குவது உண்மை, மூன்றாம் நோன்புக்கு மேல் தெரியவே தெரியாது. ஆனால் போன நோன்பில் எனக்கு இரண்டு கிலோ கூடியது. நோன்பு திறந்ததும் கஞ்சி, வடை, அப்புறம் கேலாங் சிராய் நோன்புச் சந்தை. விரதம் பசியை அழிப்பதில்லை, தள்ளித்தான் வைக்கிறது. என் விஷயத்தில் வட்டியோடு.

தேக்கா அக்கா | காலை 10.10

சரியாகச் சொன்னீர்கள். 2022இல் சீனாவின் குவாங்ஜோவில் 139 பேரை ஒரு வருடம் பார்த்தார்கள். எல்லாருக்கும் ஒரே கலோரிக் கணக்கு. பாதிப் பேர் காலை 8 முதல் மாலை 4 வரைதான் சாப்பிடலாம், மீதிப் பேருக்கு நேரக் கட்டுப்பாடு இல்லை. நேரக் கட்டுப்பாடு உள்ளவர்களுக்கு எடை 8 கிலோ இறங்கியது, மற்றவர்களுக்கு 6.3 கிலோ. அந்த இடைவெளி புள்ளியியல்படி கணக்கில் சேராது என்றே முடித்தார்கள்.

பதினாறுமணி | காலை 10.22

அதாவது விரதம் தோற்கவில்லை, சமம். எனக்கு மூன்று வேளை அளந்து சாப்பிடுவதைவிட ஒரு வேளையை விடுவது சுலபம். அதைத்தானே சொல்கிறேன்?

இரவுப்பணி | காலை 11.45

பாதுகாவலர் வேலை, வாரத்தில் ஐந்து இரவு. உங்கள் இரண்டு பேர் கணக்கிலும் நான் இல்லை. அதிகாலை மூன்று மணிக்கு வரும் பசிக்கு யோங் தாவ் ஃபூ எங்கே கிடைக்கும்? 24 மணி நேரப் புரோட்டாக் கடைதான் திறந்திருக்கும்.

ஒன்று சொல்கிறேன். நான் நீரிழிவுக்கு மாத்திரை போடுகிறேன். எங்கேயோ படித்துவிட்டு இந்தப் பதினாறு மணி நேர விரதத்தை முயற்சி செய்தேன். மூன்றாம் நாள் வேலை முடிந்து பேருந்து நிறுத்தத்தில் கை நடுங்கி, சட்டை நனைந்து, ஈஸிலிங்க் பயண அட்டையைப் பையிலிருந்து எடுக்க முடியவில்லை. பக்கத்தில் நின்ற சீனப் பாட்டி ஒரு பொட்டலம் மைலோ கொடுத்தார். சில மாத்திரைகள், இன்சுலின் எல்லாம் சாப்பாடு வரும் என்று நம்பி வேலை செய்பவை. மருத்துவரைக் கேட்காமல் வேளையை விடாதீர்கள்.

அப்புறம், பொங்கோல் சார் எத்தனை மணி நேரம் தூங்குகிறார் என்று யாரும் கேட்கவில்லையே?

பதினாறுமணி | மதியம் 12.01

அண்ணே, மாத்திரை போடுபவர்களைப் பற்றி நான் சொல்லாமல் விட்டது தப்புதான். ஒப்புக்கொள்கிறேன்.

பொங்கோல்வாசி | மதியம் 12.40

மூத்தவளுக்கு பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) வருடம். அவள் படுக்கப் பத்தரை ஆகும், பிறகு என் அலுவலக மின்னஞ்சல். ஒரு மணிக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுவேன்.

இரவுப்பணி | மதியம் 12.52

அங்கேதான் இருக்கிறது. 2004இல் சிகாகோவில் 12 இளைஞர்களை இரண்டு இரவு நாலு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டார்கள். நன்றாகத் தூங்கிய நாட்களோடு ஒப்பிட்டால் கிரெலின் 28 சதவீதம் ஏற்றம், போதும் என்று சொல்லும் லெப்டின் 18 சதவீதம் இறக்கம். சிறிய சோதனைதான், ஆனால் என் உடம்பு அதற்குச் சாட்சி. விடுப்பு நாளில் தூங்கி எழுந்தால் புரோட்டா நினைவே வராது.

தேக்கா அக்கா | பிற்பகல் 2.30

தூக்கத்தை நான் யோசிக்கவில்லை. இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள் தம்பி: ஆறு கிலோ குறைத்ததால்தான் இந்தப் பசி. 2011இல் மெல்பர்னில் பத்து வாரம் கடுமையாக உணவைக் குறைத்தவர்களை ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோதும் கிரெலின் பழைய அளவுக்கு இறங்கவில்லை, பசியும் அப்படியே. உங்களுக்கு மன உறுதி இல்லை என்று நினைக்காதீர்கள், உடம்பு கணக்கைத் திருப்பிக் கேட்கிறது.

பதினாறுமணி | பிற்பகல் 2.41

அக்கா, நீங்களே என் பக்கம் வந்துவிட்டீர்கள்! ஒரு வருடம் கழித்தும் பசி இருக்கும் என்றால், எதைச் சாப்பிட்டாலும் கொஞ்சம் பசியோடு வாழப் பழகத்தானே வேண்டும்?

தேக்கா அக்கா | பிற்பகல் 2.55

பழகலாம். பீஹூனைத் தின்றுவிட்டுப் பழகுவதற்கும் பருப்பும் மீனும் தின்றுவிட்டுப் பழகுவதற்கும் வித்தியாசம் உண்டு என்கிறேன். தாகத்தோடு நடப்பது வேறு, உப்பை நக்கிவிட்டு நடப்பது வேறு.

பொங்கோல்வாசி | சனி, இரவு 11.50

நாலு நாள் கணக்கு. காலையில் இரண்டு அவித்த முட்டை, இரவு தோசையோடு கெட்டியான சாம்பார் ஒரு கிண்ணம், மின்னஞ்சலை விட்டுவிட்டுப் பதினொன்றரைக்குப் படுக்கை. மூன்று இரவு ஒன்றும் இல்லை. இன்று வந்தது. பதினாறுமணி சொன்ன மாதிரி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். இருபது நிமிடம் ஆகிறது, இன்னும் போகவில்லை. காயா பாட்டிலை மனைவி மேல் தட்டில் வைத்திருக்கிறார். எட்டும் உயரம்தான்.

பதினாறுமணி | இரவு 11.53

இன்னும் பத்து நிமிடம், அண்ணே.

தேக்கா அக்கா | இரவு 11.54

ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டுப் படுங்கள் தம்பி.