குடும்பக் குழு: கார் குடிக்கும் பெட்ரோலும் ஏற்காடு இறக்கமும்

செவ்வாய், காலை 7:40

கார்த்தி: மாமா, கார் ரொம்பக் குடிக்கிறது. முன்பு லிட்டருக்கு 17 வந்தது, இப்போது 14ஐத் தாண்டவில்லை. எத்தனால் கலப்பதுதான் காரணம் என்கிறார்கள். டேங்க்கில் ஊற்ற ஒரு பாட்டில் மருந்து இருக்கிறதாம், வாங்கலாமா?

செல்வம் மாமா: வாங்காதே மாப்பிள்ளை. அந்தக் காசுக்குப் பெட்ரோலே போடலாம். 14 என்பது டேஷ்போர்டு காட்டுவதா?

கார்த்தி: ஆமாம் மாமா.

செல்வம் மாமா: அது தோராயம்தான். டேங்க்கை நிரப்பு, பம்ப் தானாக நின்றதும் போதும் என்று சொல்லிவிடு. ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கு. அடுத்த முறையும் அதே பங்க்கில் அதே மாதிரி நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை அன்று பிடித்த லிட்டரால் வகு. கழுத்துவரை ஊற்றச் சொல்லாதே. பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் கரிப்பெட்டிக்குள் பெட்ரோல் இறங்கினால் அது கெட்டுவிடும்.

செல்வம் மாமா: எத்தனாலும் ஒரு காரணம், இல்லை என்று சொல்லமாட்டேன். பெட்ரோலைவிட அதில் மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. 10 சதவீதக் கலப்புக்குச் சரிசெய்த பழைய கார்களில் 20 சதவீதம் கலந்தால் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையும் என்று நிதி ஆயோக் 2021 அறிக்கையே சொல்கிறது. அப்படிப் பார்த்தாலும் 17 என்பது 16க்குப் பக்கத்தில்தானே வர வேண்டும்? மீதி எங்கே போகிறது? டயரில் காற்று எவ்வளவு?

கார்த்தி: பார்க்கிறேன் மாமா.

செல்வம் மாமா: டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கர் இருக்கும், அந்த அளவுதான் சரி. டயரின் பக்கத்தில் அச்சிட்டிருப்பது அது தாங்கும் உச்சம், அதை வைக்காதே. ஓடிச் சூடான டயரில் அளவு கூடுதலாகக் காட்டும். காலையில் முதல் வேலையாக, பக்கத்து பங்க்கில் பார்.

புதன், காலை 8:05

கார்த்தி: ஸ்டிக்கரில் 33. பின்டயர் இரண்டிலும் 25தான் இருந்தது!

செல்வம் மாமா: பார்த்தாயா. இனி மாதம் ஒருமுறையாவது பார், ஸ்டெப்னியையும் சேர்த்து. இன்னொன்று, வண்டி ஓட்டி வந்ததும் ஒவ்வொரு சக்கரத்துக்கும் அருகே கையைக் காட்டு, தொடாதே. ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் பிரேக் விடாமல் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். பொங்கலுக்கு மாட்டிய மேல் கேரியர் இன்னும் இருக்கிறதா? கழற்று. பைபாஸில் 100இல் போனால் 80இல் இருப்பதைவிடக் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கும் மேல். கேரியர் அதை இன்னும் கூட்டும்.

மல்லிகா அத்தை: ஏசியைப் போடாமல் கண்ணாடியை இறக்கிவிட்டால் மிச்சம்தானே?

செல்வம் மாமா: ஊருக்குள் மெதுவாகப் போகும்போது மிச்சம். பைபாஸில் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசி போடுவதே மேல்.

பிரியா: மாமா, ஞாயிறு ஏற்காடு போகிறோம். இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்கிறாள் தோழி. நிஜமா?

செல்வம் மாமா: வேண்டவே வேண்டாம் பிரியா. முதலில், மிச்சமே ஆகாது. இன்றைய கார்களில் கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரமே என்ஜினைச் சுற்றும், கம்ப்யூட்டர் பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால் என்ஜின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் போய்க்கொண்டே இருக்கும். கார்புரேட்டர் காலத்துப் பழக்கத்தை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

செல்வம் மாமா: அதைவிட முக்கியம், ஏற்காட்டில் 20 கொண்டை ஊசி வளைவு. நியூட்ரலில் இறங்கினால் வண்டியின் பாரம் முழுக்க பிரேக் மேல்தான். சக்கரத்தைப் பிடிக்கும் பிரேக் பேட் சூடேறினால் பிடிக்காது. பிரேக் ஆயில் கொதித்துவிட்டால் பெடல் பஞ்சு மாதிரி தரைவரை போய்விடும், வண்டி நிற்காது. எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். கருகல் வாடை வந்தால் அகலமான இடத்தில் ஓரம் கட்டி ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். என்ஜினை அணைத்துவிட்டு இறங்குவது இன்னும் மோசம். நாலு மிதியில் பிரேக் பெடல் கல் மாதிரி இறுகிவிடும், ஸ்டியரிங்கும் கனத்துவிடும்.

மல்லிகா அத்தை: பிரியா, இதை உன் அப்பாவுக்கும் படித்துக் காட்டு.

பிரியா: காட்டிவிட்டேன் அத்தை. ஆட்டோமேட்டிக் என்றால் என்ன செய்வது என்று கேட்கிறார்.

செல்வம் மாமா: D-யிலேயே விடாமல் L அல்லது 2-இல் போடச் சொல். மேனுவல் மோடு இருந்தால் அதில் கியரைக் குறைக்கலாம். சனிக்கிழமை காலை வண்டியை இங்கே கொண்டு வாருங்கள். பிரேக் பேட் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, ஆயில் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு மலை ஏறலாம்.

பிரியா: சரி மாமா, ஒன்பது மணிக்கு வருகிறோம்.

கார்த்தி: நானும் வருகிறேன். வலது பின்சக்கரம்தான் அனலாக இருக்கிறது.