புதுப்பிப்பு: எமுலேட்டரில் ஆப் சர்வரோடு இணையவில்லை (தீர்ந்தது)

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. நான் கேட்டது இதுதான்: கோட்லின் என்ற நிரல்மொழியைப் பழகுவதற்காக ஒரு மளிகைப் பட்டியல் ஆப் எழுதினேன். லேப்டாப்பில் ஓடும் சர்வரிலிருந்து பட்டியல் வர வேண்டும். ஆனால் ஆண்ட்ராய்டு எமுலேட்டரில் (லேப்டாப்பிலேயே ஓடும் மெய்நிகர் போன்) வெறும் வெள்ளைத் திரைதான். இணைப்பு மறுக்கப்பட்டதாக லாக்கில் பிழை.

முகவரியை மாற்றச் சொன்னவர் சொன்னதுதான் சரி. நான் கொடுத்திருந்தது லோக்கல்ஹோஸ்ட், அதாவது 'இதே கருவி' என்ற முகவரி. எமுலேட்டருக்குள் அது எமுலேட்டரையே குறிக்கும். லேப்டாப்பைப் பிடிக்க 10.0.2.2 என்று கொடுக்க வேண்டும், போர்ட் எண் அதேதான்.

மாற்றியதும் வேறொரு பிழை வந்தது. இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஆண்ட்ராய்டு 9-ஐயோ (ஏபிஐ 28) அதற்கு மேலோ இலக்காக வைத்த ஆப்களில், குறியாக்கம் இல்லாத எச்டிடிபி இயல்பாகவே தடுக்கப்படுகிறது. டீபக் பில்டின் (சோதனைக்கான பதிப்பு) மேனிஃபெஸ்டில், அதாவது ஆப்பின் அமைப்புக் கோப்பில் மட்டும், கிளியர்டெக்ஸ்ட் (குறியாக்கம் இல்லாத) போக்குவரத்தை அனுமதித்தேன். வெளியிடும் பில்டில் இதை வைக்காதீர்கள், அங்கே குறியாக்கம் உள்ள எச்டிடிபிஎஸ்தான் வேண்டும். அடுத்த ஓட்டத்திலேயே திரையின் முதல் வரியில் 'துவரம்பருப்பு 1 கிலோ' வந்து நின்றது. அவ்வளவு சந்தோஷம்!

அப்புறம், நிஜ போனில் 10.0.2.2 வேலை செய்யாது. யுஎஸ்பியில் இணைத்து, போனின் போர்ட்டை லேப்டாப்புக்குத் திருப்பிவிடும் ஏடிபி ரிவர்ஸ் (adb reverse) கட்டளையை அதே போர்ட்டுக்குக் கொடுத்தேன். அங்கே லோக்கல்ஹோஸ்ட் முகவரியே போதும். கேபிளைக் கழற்றி மாட்டினால் கட்டளையை மறுபடி கொடுக்க வேண்டும்.