உலாவி தானாக மூடிக்கொண்டதும் நாங்கள் காரணத்தைக் கண்டுபிடித்த விதமும்

தட்டச்சர்:

வீட்டிலிருந்தபடியே நூல்களுக்குத் தட்டச்சும் மெய்ப்புத் திருத்தமும் செய்து தருபவன் நான். விண்டோஸ் 10 மடிக்கணினியில் பயர்பாக்ஸ்தான் என் உலாவி. சென்ற ஆண்டு அது ஒரு நாளைக்கு நான்கைந்து முறை, எந்த அறிகுறியும் காட்டாமல் மறைந்துபோய், மன்னிப்புக் கேட்கும் அந்தச் சிறிய பெட்டி மட்டும் திரையில் நிற்கத் தொடங்கியது.

கேட்டவர்கள் எல்லோரும் சொன்ன முதல் வைத்தியம், நிரலை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவது. நானும் இரண்டு முறை செய்தேன். நம் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் பயர்பாக்ஸின் புரொஃபைல் கோப்புறை தனியாக இருப்பதால், நிரலை மட்டும் நீக்கினால் பழைய நீட்டிப்புகளும் (உலாவியில் நாமே சேர்க்கும் துணை நிரல்கள்) அமைப்புகளும் அப்படியே திரும்பி வந்துவிடும் என்பது பிறகுதான் புரிந்தது. அடுத்ததாக, ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி உலாவியைத் திறந்து, நீட்டிப்புகளையும், திரைக்காட்சி வேலையைக் கிராபிக்ஸ் சில்லிடம் ஒப்படைக்கும் ஹார்டுவேர் ஆக்சிலரேஷனையும் நிறுத்திவைக்கும் ட்ரபிள்ஷூட் மோடில் வேலை செய்து பார்த்தேன், அதிலும் மூடிக்கொண்டது. புதிய புரொஃபைல் ஒன்றை உருவாக்கினேன். அரை நாள்கூடத் தாங்கவில்லை.

வழி காட்டியது கிராஷ் அறிக்கைதான். முகவரிப் பட்டையில் 'அபவுட்' என்று அடித்து, முக்காற்புள்ளி இட்டு, இடைவெளி இல்லாமல் 'கிராஷஸ்' என்று ஆங்கிலத்தில் சேர்த்தால், உலாவி விழுந்த ஒவ்வொரு முறைக்கும் தேதியுடன் ஒரு வரி தெரியும். அனுப்பப்பட்ட அறிக்கையைச் சொடுக்கினால், 'சிக்னேச்சர்' என்ற வரியில் நிரலின் எந்தப் பகுதியில் அது விழுந்தது என்று இருக்கும். ஒன்பது அறிக்கைகளைத் திறந்தேன். ஒன்று படத்தை விரிக்கும் இடத்தில், ஒன்று எழுத்துருவைக் கையாளும் இடத்தில், இன்னொன்று ஜாவாஸ்கிரிப்ட் நினைவகத்தைத் துப்புரவு செய்யும் இடத்தில் என, ஏறத்தாழ எல்லாமே வேறு வேறாக இருந்தன. ஒரே பிழை ஒன்பது இடத்தில் இருக்க வாய்ப்பில்லை. காலூன்றிய தரையே ஆடுகிறது என்று அப்போதுதான் கணினியின் தற்காலிக நினைவகமான ராம் மீது சந்தேகம் வந்தது. இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு கடையில் 8 ஜிபி ராம் கூடுதலாகப் போட்டிருந்தேன். அதன்பின் பதிவிறக்கிய ஜிப் கோப்புகள் சில திறக்க மறுத்தபோது, பழியை இணைய இணைப்பின் மேல் போட்டுவிட்டுச் சும்மா இருந்தேன்.

விண்டோஸிலேயே உள்ள நினைவகச் சோதனை குறை ஒன்றும் இல்லை என்றது. மனம் ஆறாமல், மெம்டெஸ்ட்86 நிரலைப் பென்டிரைவில் ஏற்றி இரவு முழுவதும் ஓடவிட்டுத் தூங்கப் போனேன். விடியற்காலையில் வந்து பார்த்தால், முதல் சுற்று சுத்தமாக முடிந்திருக்க, இரண்டாம் சுற்றில் பிழையைக் காட்டும் சிவப்பு வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. புதிய ராமைக் கழற்றிய நாளிலிருந்து இன்றுவரை உலாவி ஒருமுறைகூட மூடவில்லை.

இரவுப்பணி:

எனக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறானது. குரோமில் காணொளி ஓடும்போது மட்டும் திரை கணநேரம் கறுத்துத் திரும்பும். இப்படி மூன்று நான்கு முறை ஆனதும் உலாவி முழுவதும் மூடிவிடும். விண்டோஸில் ரிலையபிலிட்டி மானிட்டர் என்று ஒன்று இருப்பதைப் பலர் அறிவதில்லை. எந்த நாளில் எந்த நிரல் விழுந்தது என்பதை நாட்காட்டி போல, சிவப்புக் குறியுடன் அது காட்டும். விவரத்தைத் திறந்து பார்த்தபோது, பழுதான கோப்பு என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் ஒரே பெயர், கிராபிக்ஸ் டிரைவரின் (கிராபிக்ஸ் சில்லை இயக்கும் நிரல்) டிஎல்எல் கோப்பு, அதாவது நிரல்கள் ஏற்றிக்கொள்ளும் துணைக் கோப்பு, இருந்தது.

குரோம் அமைப்புகளில் 'சிஸ்டம்' பகுதிக்குச் சென்று கிராபிக்ஸ் ஆக்சிலரேஷனை நிறுத்தியதும் தொல்லை நின்றது. ஆனால் அந்த வேலையெல்லாம் மையச் செயலியான சிபியு தலையில் விழுந்ததால், மின்விசிறி மிக்ஸி போல இரையத் தொடங்கிவிட்டது. ஆக, நோய் எங்கே என்று அறிய அது உதவியதே தவிர, தீர்க்கவில்லை. டிவைஸ் மேனேஜரில் பழைய டிரைவருக்குத் திரும்பிய பிறகே ஆக்சிலரேஷனை மறுபடி இயக்க முடிந்தது.

கணக்குப்பிள்ளை:

ட்ரபிள்ஷூட் மோடிலும் உலாவி விழுகிறது என்றால் உடனே ராமைக் கழற்றிவிட வேண்டாம் என்று என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். அந்த மோட் நீட்டிப்புகளை நிறுத்துமே தவிர, வேறு நிரல்கள் உலாவிக்குள் நுழைக்கும் டிஎல்எல் கோப்புகளை நிறுத்தாது. என் அலுவலகக் கணினியில் பயர்பாக்ஸைத் திறந்த சில நிமிடங்களில் மூடவைத்தது ஒரு ஆன்டிவைரஸின் கோப்பு. அப்படி நுழைந்தவற்றை 'அபவுட்', முக்காற்புள்ளி, 'தேர்ட்-பார்ட்டி' என்று முகவரிப் பட்டையில் ஆங்கிலத்தில் அடித்தால் வரும் பக்கத்தில் பார்க்கலாம். 2023இல் வந்த 110ஆம் பதிப்பிலிருந்து அங்கேயே தடுத்துவைக்கவும் முடிகிறது. நான் தடுத்துவிட்டு உலாவியை மீண்டும் தொடங்கினேன், அன்றோடு நின்றது.

தட்டச்சர் ஐயாவுக்கு ஒரு கேள்வி: கடையில் ராமை மாற்றித் தந்தார்களா, அல்லது அழிப்பானால் துடைத்துப் போடச் சொன்னார்களா?

தட்டச்சர்:

முதலில் அதைத்தான் சொன்னார்கள் ஐயா. வெள்ளை அழிப்பானால் பொன்னிற முனைகளை அவர்கள் முன்னாலேயே தேய்த்து, அதை மட்டும் தனியாகச் செருகிச் சோதனையை ஓடவிட்டேன். சிவப்பு வரிகள் வந்ததும், மறுபேச்சில்லாமல் வேறொன்றைத் தந்துவிட்டார்கள்.