புதுப்பிப்பு: புலாவ் உபினில் மாயாஜாலத் தொடரின் படப்பிடிப்பு

பார்த்துவிட்டேன்! சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவில் உள்ள செக் ஜாவா சதுப்பு நிலத்தில் எடுக்கப்படும் தமிழ் மாயாஜாலத் தொடரை, குழுவினருக்கு இடையூறில்லாமல் எங்கிருந்து, எப்போது பார்க்கலாம் என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

கைகொடுத்தது, கடல் ஏற்ற இறக்க அட்டவணையைப் பார்க்கச் சொன்ன அக்காவின் யோசனைதான். நீர்மட்டம் ஏறத்தாழ 0.5 மீட்டருக்குக் கீழே இறங்கினால்தான் மணல்திட்டும் கடற்புல்லும் வெளியே தெரியும். நாகலோகக் காட்சிகளை அப்போதுதான் எடுப்பார்கள் என்றார். அப்படியே நடந்தது. அங்குள்ள 20 மீட்டர் உயர ஜெஜாவி பார்வைக் கோபுரத்தில் ஏறியும் பார்த்தேன். ஆட்கள் எறும்புகளாகத்தான் தெரிந்தார்கள். கரையோர நடைபாலமே சிறந்த இடம்.

எதிர்பாராதது விமானச் சத்தம். சாங்கி விமான நிலையம் அருகில் இருப்பதால், ஒவ்வொரு விமானமும் கடக்கும்வரை வசனத்தை நிறுத்திக் காத்திருந்தார்கள். அப்போதெல்லாம் நாகராணியாக நடித்தவர் சேற்றில் மண்டியிட்டபடியே, முகபாவம் சற்றும் கலையாமல் இருந்தார். இதைத் தொலைக்காட்சியில் பார்க்கவே முடியாது. எனக்கு அன்றைய மிகச் சிறந்த காட்சி அதுதான்.

போக விரும்புவோருக்கு: சாங்கி பாயிண்ட் படகுத்துறையில் 12 பேர் சேர்ந்ததும் படகு புறப்படும். ஆளுக்கு 4 சிங்கப்பூர் வெள்ளி, ரொக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். சைக்கிளைச் செக் ஜாவா வாசலிலேயே நிறுத்திவிட வேண்டும். குழுவினர் கேட்டுக்கொண்டதால் நான் படம் எதுவும் எடுக்கவில்லை.