பிஎச்க்யூ-9 கணக்கில் நிற்கிறேன், புள்ளியியல் தெரிந்தவர்கள் பாருங்கள்

மதுரை மகால் பக்கத்துத் தெருக்களில் வீடு வீடாகப் போய் எடுத்த மனச்சோர்வு சர்வே, முதுகலை ஆய்வுக்காக. தமிழ் பிஎச்க்யூ-9 (மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்வி வினாத்தாள்), மொத்தம் 27-க்கு 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மனச்சோர்வு இருக்கலாம் என்று வைத்துக்கொண்டேன். சிக்கல் என்னவென்றால், வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர்கள் நூறு பேருக்கும் குறைவு, அதில் 10-ஐத் தொட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், தமிழ் வீடுகளில் விகிதம் அதைவிடப் பல மடங்கு. எனக்கு நம்பிக்கை வரவில்லை. அசதி, தூக்கம் பற்றிய கேள்விகளில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் பதில், மனசு பற்றிய கேள்விகளில் மட்டும் வயதான பெண்கள் வரிசையாக 'இல்லவே இல்லை' (மருமகள் பக்கத்தில் நின்றால் வேறென்ன சொல்வார்கள்).

ஆர் மென்பொருளில் வயது, பாலினம், வருமானம் சேர்த்து லாஜிஸ்டிக் ரிக்ரஷன் (அவற்றின் தாக்கத்தைக் கழித்துவிட்டு இரு தரப்பையும் ஒப்பிடும் கணக்கு) போட்டாயிற்று, எண்ணிக்கை குறைவு என்பதால் ஃபர்த் முறையும் (சின்ன எண்ணிக்கையால் வரும் சாய்வைக் குறைக்கும் திருத்தம்) பார்த்தேன், கட்-ஆஃபை (அந்த 10-ஐ) இறக்கியும் பார்த்தேன், இடைவெளி அப்படியே நிற்கிறது. கைடு 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்போடு ஒப்பிடச் சொல்கிறார், ஆனால் அது மினி என்ற நோயறி நேர்காணல், என்னுடையது வெறும் ஸ்கிரீனிங், எப்படி ஒப்பிடுவது?

சரி, கேள்வி இதுதான்: இவ்வளவு சின்னக் குழுவை வைத்து, ஒவ்வொரு கேள்வியும் இரு தரப்புக்கும் ஒரே மாதிரி வேலை செய்கிறதா என்று டிஃப் சோதனை போட்டால் அந்த முடிவை நம்பலாமா?